முள்ளைத் தூக்குவது என் வேலை

எங்கள் வீட்டு இசைத்தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஒன்று தெரியும். இரண்டாம் பக்கம் முழுக்க ஓடி ஓடிச் சாம்பல் பூத்துப் போயிருக்கும். உள்ளே, நடுவில் ஒட்டிய காகிதத்துக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கருப்பு பளபளவென்று மின்னும். அதுதான் கடைசிப் பாட்டு. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தட்டு எங்கள் வீட்டில் ஓடியிருக்கிறது. அந்த ஒரு விரல் அகலத்தில் மட்டும் முள் ஓடியதில்லை. நான் ஓட விட்டதில்லை.

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டினவர். சொந்த வேன். சூலூரில் எங்கள் வாசலில் வேப்பமரத்தடியில்தான் அது நிற்கும், ஆனால் நிற்கிற நாள் குறைவு. பழனி, ஊட்டி, மைசூர், சபரிமலை என்று எந்நேரமும் யாரையாவது ஏற்றிக்கொண்டு ஓடும். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தவர்கள் சாமான் ஏற்ற இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவரும் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைசி நடையில் ஒரு சிவப்புப் பெட்டியையும் நாலைந்து தட்டுகளையும் கொடுத்து, போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடச் சொன்னார்களாம். திறந்து பார்த்தால் பாட்டுப் பெட்டி. ரேஸ்கோர்ஸிலிருந்து சூலூர் வரைக்கும் ஒரு பழைய இரும்புக் கடைகூடத் தன் கண்ணில் படவில்லை என்று கடைசி வரைக்கும் சாதித்தார் மனிதர்.

மற்ற தட்டுகளெல்லாம் வேனுக்குள் வெயிலில் கிடந்து அப்பளமாகிவிட்டன. தப்பியது இது ஒன்றுதான். அட்டையைக் கரையான் தின்றது போக மிஞ்சியிருப்பது 'வழிப் பாட்டுகள்' என்ற இரண்டு சொல்லும் ஒரு படமும். படத்தில் ஒரு மாட்டு வண்டி, ஒரு பரிசல், ஒரு ரயில். மூன்றும் ஒரே ரோட்டில் வரிசையாகப் போகும். ரயில், மாட்டு வண்டிக்குப் பின்னால் வழி கிடைக்காமல் நிற்கும். வரைந்தவர் பிறந்ததிலிருந்து வீட்டை விட்டு வெளியே வராத ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாடினவர்கள் பேரெல்லாம் கரையான் வயிற்றுக்குள் போய்விட்டது.

கச்சேரிப் பாட்டு அல்ல. சினிமாப் பாட்டும் அல்ல. ஆண்கள் நாலு பேர், பெண்கள் நாலு பேர் இருக்கலாம். ஒரு உடுக்கை, ஒரு புல்லாங்குழல், அவ்வளவுதான். மீதியெல்லாம் தொண்டை. வண்டிக்காரன் மாட்டைத் திட்டுகிற பாட்டு, பரிசல்காரன் ஆற்றைக் கெஞ்சுகிற பாட்டு, தேருக்கு நடந்து போகிற பெண்கள் கால் வலிக்கு ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொள்கிற பாட்டு. கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே எங்கேயோ போய்க்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். இவருக்கு மாட்டைத் திட்டுகிற பாட்டுதான் உயிர். மாடு வருகிற இடத்திலெல்லாம் வேனைப் போட்டு, கொம்புக்குப் பதில் கிளட்சைப் போட்டு, கூடவே கத்துவார். நல்ல வேளை, பாட்டுக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கல்யாணம் ஆன புதிதில், என்னை அசத்துவதற்காகத்தான், ஒரு சாயந்திரம் அந்தச் சிவப்புப் பெட்டியைத் திறந்து தட்டைப் போட்டார். அதுவரைக்கும் அவரும் அதைப் போட்டுக் கேட்டதில்லையாம். முதல் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டார். நான் வாசற்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு வந்தது. ஒரு ஆண் குரல், துணைக்கு யாரும் இல்லாமல் தனியாக எடுத்தது:

'போறேன் நானும் போறேன், புளியமரம் தாண்டிப் போறேன்...'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாய்ந்து போய் முள்ளைத் தூக்கினேன். தூக்கினேன் என்ன, பிடுங்கினேன். தட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கூட 'வாரேனுங்க' என்றுதான் செருப்பைப் போடுவார். கிளம்பி நிற்கிறவரைப் பார்த்து 'எங்க போறீங்க' என்று கேட்கவும் மாட்டோம். 'தூரமுங்களா?' என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார். பொதுவில் இப்படி என்றால், ஸ்டியரிங் பிடிக்கிறவர் வீட்டில் எப்படி இருக்கும்? எலுமிச்சம்பழம் நசுக்காமல் அந்த வேன் வாசலை விட்டு நகர்ந்ததே கிடையாது. அந்த வீட்டுக்குள் வந்து ஒருத்தன் நடுக்கூடத்தில் உட்கார்ந்து 'போறேன் போறேன்' என்று பாடினால் நான் கேட்டுக்கொண்டிருப்பேனா?

"ஏனுங்க, இதெல்லாம் ஒரு பாட்டுங்களா? வண்டியோட்டற ஊட்டுல போடற பாட்டுங்களா இது?" என்று சத்தம் போட்டேன். புதுப்பெண் என்ற கூச்சமெல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

அவர் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "செரி அம்மணி. இனிமே இந்த முள்ளத் தூக்கறது உன்ற வேலை" என்றார்.

வேலை என்றால் வேலைதான். அன்றைக்குப் பிடித்து அவர் அந்த முள்ளைத் தொட்டதில்லை. தட்டைப் போடுவார், காலை நீட்டிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்காருவார், நான் எங்கே இருந்தாலும் சரி, கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்ததும் கூப்பாடு போடுவார். "அம்மணீ, வந்திருச்சு, ஓடியா!" கை நிறைய ராகி மாவோடு ஓடியிருக்கிறேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு ஓடியிருக்கிறேன். பையனை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓட முடியாமல் நடந்து வந்திருக்கிறேன்.

"ஏனுங்க, உங்களுக்குக் கை இல்லீங்களா? பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க?"

"நான் தொட்டா அது கேக்காது அம்மணி. நீ தொட்டாத்தான் சத்தமில்லாமப் பொட்டாட்ட அடங்குது, என்னையாட்ட."

சனியன் என்று திட்டிக்கொண்டே முள்ளைத் தூக்கி அதன் இடத்தில் வைப்பேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிர்ர் என்று ஒரு சும்மா ஓட்டம் இருக்கும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அந்த நேரத்துக்குள் ஓடி வர வேண்டும். ஒரு தடவையும் நான் தோற்றதில்லை.

அவர் வெளியூரில் இருக்கும்போது தட்டைப் போடவே மாட்டேன். அடுப்பு வேலையில் கவனம் தப்பி முள் அந்தப் பாட்டுக்குள் இறங்கிவிட்டால்? வண்டி எந்தக் கொண்டை ஊசி வளைவில் இருக்கிறதோ! ஆகவே அந்தப் பாட்டுகளெல்லாம் அவர் வீட்டில் இருக்கிற நாட்களுக்கே சொந்தமாகிவிட்டன. இன்றைக்கும் அந்த உடுக்கைச் சத்தத்தை நினைத்தால் எனக்கு டீசல் வாடையும் அவர் தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய் வாடையும் சேர்ந்து வரும்.

வெளியூரில் இருக்கிற நாட்களுக்கு வேறு ஒரு சத்தம் இருந்தது. போன். முதலில் பக்கத்து வீட்டுப் போன், பிறகு எங்கள் வீட்டுக்கே ஒன்று, அப்புறம் செல்போன். திரும்பி வரும்போது டீ குடிக்க நிறுத்துகிற இடத்திலிருந்தெல்லாம் கூப்பிடுவார். சுகம் விசாரிக்கவெல்லாம் இல்லை. ஊர்ப் பேரை மட்டும் சொல்வார். பழனி சவாரி என்றால், "உடுமலை தாண்டியாச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "பல்லடம் வந்தாச்சு." கடைசியாக ஒரு கூப்பாடு: "காரணம்பேட்டை வந்தாச்சு. அரிசியப் போடு." ஆறின சோறு அவருக்கு இறங்காது. காரணம்பேட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் அரிசியைக் களைந்து போட்டால், சோறு வடித்து நிமிரும்போது வாசலில் வேன் வந்து நிற்கும். நாங்கள் அந்தக் கணக்கில் பிசகினதே இல்லை. கிளம்பும்போது 'வாரேன்' என்று ஒரு சொல், வரும்போது வழி நெடுக ஊர்ப் பேர். இதைத் தவிரப் பெரிதாகக் கொஞ்சிக் குலாவிக்கொண்டதாக ஞாபகம் இல்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

வழியில் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. இதைத்தான் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறேன். அத்தனை மலையும், அத்தனை மழையும், அத்தனை லாரிக்காரர்களும் அவரைத் தொடவில்லை. ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வேன் வாசலில் நிற்க, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அது நம் மனசுக்கு. 'வாரேன்' என்று சொல்லவும் இல்லை. 'தூரமுங்களா?' என்று நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்குள் இருக்கிறவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நான் அந்தப் பக்கம் காவல் வைக்கவே இல்லை.

சூலூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பையன் என்னைச் சரவணம்பட்டிக்குக் கூட்டி வந்துவிட்டான். அவனுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அடுக்குமாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில் எங்கள் கட்டடம்தான் தெரியும். வேனை விற்றோம். சிவப்புப் பெட்டியைக் கொடுக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெத்தையையும் குக்கரையும் முன்னால் ஏற்றுங்கள், இதை நான் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாள் அதைத் திறக்கவே தைரியம் வரவில்லை. பிறகு ஒரு நாள் ஏக்கம் தாங்காமல் திறந்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட்டு உருகிப் பாகாகி ஒட்டிக் கிடந்தது. முள் முனை உடைந்திருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். அவர் போனபோதுகூட நாலு பேர் முன்னால் அழுகிற அழுகைதான் அழுதேன். இது வேறு மாதிரி இருந்தது.

பையன் பார்த்துவிட்டான். "ஏம்மா, இதுக்குப் போயி... அந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்கும், எடுத்துத் தாரேன்" என்று தேடினான். என்னென்னவோ வந்தது. வண்டிப் பாட்டு என்று வந்ததில் பாதி சினிமா. அட்டையைப் படம் பிடித்துப் போட்டுத் தேடினான். உலகத்தில் யாருக்கும் அந்தத் தட்டைத் தெரிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது ஒன்று, அதுவும் ஊமையாக.

அவனுக்கு நான் சொல்லிப் புரிய வைக்கத் தெரியவில்லை. எனக்கு வேண்டியது பாட்டுகூட இல்லை. அந்தக் கிர்ர்தான் வேண்டும். கடைசிக்கு முந்தின பாட்டு முடிந்து, முள் சும்மா ஓடுகிற அந்த நேரம். அந்த இடத்தில்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். இத்தனை வருஷம் அவர் குரல் உட்கார்ந்த இடம் அது. அந்த இடம் திரும்பி வந்தால் போதும், ஒரு தடவை போதும் என்று இருந்தது.

யாரோ சொல்லி, உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் வாங்கி விற்கிற கடைக்குப் பையன் கூட்டிப் போனான். கடைக்காரர் என் வயசுக்காரர்தான். பெட்டியைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க பாய், இது ஓடுங்களா?"

"எங்கக்கா ஓடறது, பெல்ட்டு மைசூர்பாகு ஆகிருச்சே! இப்பல்லாம் காலேஜ் புள்ளைங்கதான் இதைக் கேட்டு வாராங்க. பாட்டுக் கேக்கவா? பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க! உங்களுக்கும் போட்டோவுக்குங்களா?"

"என்னைப் பாத்தா போட்டோவுக்கு நிக்கிறவளாட்டத் தெரியுதுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "செரி, வெச்சுட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்க. ஓடுச்சுன்னா உங்க நல்ல நேரம். ஓடாட்டி என்னைத் திட்டக் கூடாது."

"ஓடாட்டித் திட்டுவேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் பையன் லீவு போட்டான். காரில் கூட்டிவந்து என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, பேங்க்கில் ஒரு வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று போனான். பெட்டி மேஜை மேல் தயாராக இருந்தது. பாய் பெருமையாகத் தட்டின் இரண்டாம் பக்கத்தைச் சுழல விட்டார். பாடினவர்களெல்லாம் பால்வாடிப் பிள்ளைகள் மாதிரிக் கீச்சுக் கீச்சென்று கத்தினார்கள். வண்டிக்காரன் மாட்டைத் திட்டியதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அட எழவே, நேத்து நல்லாத்தான இருந்துச்சு" என்று பாய் பெட்டியைத் திட்டி, குமிழை அப்படியும் இப்படியும் திருப்பி, நின்று, யோசித்து, மறுபடி திருப்பினார். குரல்கள் மெள்ள இறங்கின. இறங்கி, வயசுக்கு வந்து, எங்கள் வீட்டுக் குரலாகிவிட்டன.

முதலில் மாட்டுப் பாட்டு. அப்புறம் பரிசல். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடினால் சூலூர்க் கூடம். திறந்தால் சந்து, சைக்கிள், எதிரே பாத்திரக் கடை. மூடியே வைத்திருந்தேன். தேருக்கு நடக்கிற பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பையன். "அம்மா, வேலை முடிஞ்சுது. டவுன்ஹால்கிட்ட வந்துட்டிருக்கேன். ஒரே ட்ராஃபிக்." சரி கண்ணு, பாத்து வா என்றேன்.

பெண்கள் பாடி முடித்தார்கள். கிர்ர்.

என் காது விறைத்துக்கொண்டு நின்றது. உடம்பு முழுக்கக் காதாக இருந்தது. சந்துக்கு வெளியே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர், "பாலக்காடு, பாலக்காடு, பாலக்காடேய்!" என்று கத்தினார். அவ்வளவுதான் வந்தது. வேறு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த இடம் இருந்தது, அப்படியே, பத்திரமாக இருந்தது. குரல் மட்டும் அதில் இல்லை. இதற்குத்தானா இத்தனை பாடு?

ஆனால் கால் எழுந்துவிட்டது. எனக்கே தெரியாமல் எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், முள்ளைத் தூக்கிவிட்டேன்.

"என்னக்கா, ஏன் தூக்கிட்டீங்க? இன்னும் ஒரு பாட்டு இருக்குதே?"

"பையன் வழியில வந்துட்டிருக்கானுங்க பாய். இப்பப் போயி இந்தப் பாட்டைப் போட்டா நல்லாருக்குமா? போறேன் போறேங்கற பாட்டு."

பாய்க்குப் புரிந்தது. அவர் வீட்டிலும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்தான். தலையை ஆட்டினார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் புளியமரப் பாட்டைத்தான சொல்றீங்க? நேத்து அதை முழுசா ஓட உட்டுக் கேட்டேனே. ஆரம்பத்துல ஒரு டொக்கு உழுகுது, அதுக்கப்புறம் அது ஒண்ணுதான் சுத்தமாக் கேக்குது. அதுல அந்த ஆளு திரும்பி வந்துர்றான்லக்கா?" என்றார்.

"வந்துர்றானுங்களா?"

"ஆமா. மொதல்ல கொஞ்சம்தான் போறான். அப்புறம் பாட்டு முழுக்க வந்துக்கிட்டுத்தான் இருக்கான். நீங்க கேட்டதே இல்லையா?"

எனக்குக் கோபம் வந்தது பாருங்கள், இன்ன ஆள் மேல் என்று இல்லை. பாட்டெழுதினவன் மேல், பாடினவன் மேல், பேரைத் தின்ற கரையான் மேல். திரும்பி வருகிறவன் என்றால் அதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? முதல் வார்த்தையையே 'போறேன்' என்று எடுத்தால் எங்கள் ஊரில் எந்தப் பொம்பளை அடுத்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? பாய் பாவம், தன்னைத்தான் முறைக்கிறேன் என்று நினைத்து டீ சொல்லட்டுமா என்றார்.

காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சத்தி ரோட்டில் வண்டி ஊர்ந்தது. "என்னம்மா, பாய் எதாச்சும் சொல்லிட்டாரா? மொகமே செரியில்ல" என்று பையன் கேட்டான். ஒன்றுமில்லை கண்ணு, நீ ரோட்டைப் பாத்து ஓட்டு என்றேன். வீட்டுக்கு வந்து, காலையில் வைத்த பருப்புக் குழம்பைச் சூடு செய்து, இருவரும் சாப்பிட்டோம். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.

"நீ இனி எங்கயும் வெளிய கெளம்பலையே?"

"இல்லம்மா. லீவுதான."

"உன்ற கூட்டாளிக யாராச்சும் உன்னப் பாக்க வந்துட்டிருக்காங்களா?"

"ஏம்மா, இன்னைக்கு என்ன இப்படியெல்லாம் கேக்கற?"

என்னைச் சேர்ந்தவர் யாரும் வழியில் இல்லை. நன்றாக யோசித்துப் பார்த்துக்கொண்டேன். யாருமே இல்லை. பையனை விட்டே முள்ளைக் கடைசிப் பாட்டில் வைக்கச் சொன்னேன். அவன் தரையில் உட்கார்ந்து வைத்தான், அவன் அப்பாவைப் போலவே காலை நீட்டிக்கொண்டு. நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

'போறேன் நானும் போறேன், புளியமரம் தாண்டிப் போறேன்...' என் கீறல் டொக்கென்று ஒரு தடவை இடித்தது. அதற்கப்புறம் எனக்குத் தெரியாத பாட்டு. அவன் புளியமரம் தாண்டினான், மதகைத் தாண்டினான், ஆற்றைத் தாண்டினான். குரல் போகப் போகச் சின்னதானது. உண்மையாகவே மைக்கை விட்டு எட்டி நடந்து போயிருக்கிறான். பெண்கள் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. உடுக்கை மட்டும் தட்டியது. நான் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெண்கள் எல்லோருமாக, சத்தமாக, கோபமாக என்றுகூடச் சொல்லலாம், கேட்டார்கள்:

'எதுவரைக்கும் வந்திருக்கே?'

தூரத்திலிருந்து அவன் சொன்னான்: 'ஆத்தத் தாண்டி வந்துட்டேன்.'

உடுக்கை தட்டியது. 'இப்ப எங்கே வந்திருக்கே?'

'மதகு மேல வந்துட்டேன்.' குரல் கிட்டே வந்திருந்தது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவன் வந்துகொண்டே இருந்தான். உடுமலை தாண்டியாச்சு. பல்லடம் வந்தாச்சு. எங்களுடைய பாட்டு. தட்டில் இருந்ததிலேயே எங்களுடையது என்று ஒன்று உண்டென்றால் இது ஒன்றுதான். இதைத்தான் நான் ராகி மாவுக் கையோடு ஓடி வந்து ஓடி வந்து நிறுத்தியிருக்கிறேன். காலை நீட்டிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், இதைக் கேட்காமலே போய்விட்டார். கேட்டிருந்தால் அடுத்த சவாரியிலிருந்தே போனில் பாட ஆரம்பித்திருப்பார். அந்தக் கர்ண கொடூரக் குரலில், டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்க்க, பாடியிருப்பார். அதைக் கேட்க இப்போது நான் எங்கே போவேன்?

'இப்ப எங்கே வந்திருக்கே?'

'புளியமரம் வந்துட்டேன்.' மைக்குக்குப் பக்கத்தில், காதோடு சொல்வது போல.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். டப்பாவைத் திறந்து அரிசியை அளந்து களைய ஆரம்பித்தேன்.

"அம்மா," பையன் கூடத்திலிருந்து கேட்டான், "இப்பத்தான சாப்பிட்டோம்?"

அங்கே பாட்டு முடிந்து முள் சும்மா கிர்ர் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தூக்குவது என் வேலைதான். ஆனால் என் கை அரிசிக்குள் இருந்தது.